நடுத்தர நகரம் யாருக்கு?

இறுதியாண்டு மாணவர் இருவர் உணவு விடுதியில் எதிரெதிரே அமர்ந்தால் இந்நாளில் எழும் முதற்கேள்வி, "உனக்கு எந்த ஊர்?" என்பதுதான். என்ன வேலை, என்ன ஊதியம் என்பனவெல்லாம் பிறகு வருகின்றன. பெங்களூர் என்றால் கேட்பவர் முகம் மலர்கிறது. குருகிராமம் என்றால், "நல்லதுதான், ஆனால் அந்தக் காற்று..." என்று இழுக்கிறார். மைசூர் என்று நான் சொன்னபோது கிடைத்த மறுமொழி, "அது ஓய்வு பெற்ற பிறகு போய்ச் சேர வேண்டிய ஊராயிற்றே!" என்பது.

நம் சங்கத்து நண்பர்கள் சிலர் இவ்வாண்டு இத்தகைய முடிவை எடுக்க வேண்டிய நிலையில் இருக்கின்றனர். ஒருவருக்குக் கோயம்புத்தூரிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒருவர் இந்தூரை எண்ணிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் விசாகப்பட்டினத்தின் படங்களை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிகிறார். கடல் இருப்பதாலேயே முக்கால் முடிவு ஆகிவிட்டது போலும். ஆகவே என் கணக்கை இங்கே திறந்து வைத்தால் பிறர்க்கும் பயன்படலாம் என்று எண்ணுகிறேன்.

நடுத்தர நகரம் என்றால் என்ன? மத்திய அரசு தன் ஊழியர்க்கு வீட்டு வாடகைப்படி கொடுப்பதற்காக நாட்டு நகரங்களை மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறது. 50 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ளவை எக்ஸ் வகுப்பு. டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூர், ஹைதராபாத், அகமதாபாத், புனே ஆகிய எட்டும் அதில் அடங்கும். 5 லட்சம் முதல் 50 லட்சம் வரை உள்ளவை ஒய் வகுப்பு. எஞ்சியவை இசட். 2024 ஜனவரி முதல் இவற்றுக்குரிய படி அடிப்படைச் சம்பளத்தில் முறையே 30, 20, 10 விழுக்காடு. மைசூர் ஒய் வகுப்பைச் சேர்ந்தது. 2011 கணக்கெடுப்பின்படி சுற்றுப்புறமும் சேர்த்து அதன் மக்கள் தொகை 9.9 லட்சம், அதே கணக்கில் டில்லிக்கு 1 கோடியே 63 லட்சம். ஆக, அரசாங்கத்தின் கண்ணில் மைசூரில் வாழ்வது டில்லியில் வாழ்வதைவிடச் சம்பளத்தில் பத்து விழுக்காடு மலிவு.

இவ்வகை மலிவைப் பற்றி நான் நெடுநேரம் பேசப் போவதில்லை. எல்லாரும் அறிந்ததே. முனீர்க்காவில் மூவர் சேர்ந்து தங்கியிருக்கும் இரண்டறை வீட்டுக்கு நாங்கள் கொடுக்கும் வாடகைக்கு, விசாரித்த வரையில், மைசூரில் முன்னால் நாலு செடி வைக்க இடமுள்ள தனி வீடே கிடைக்கும். காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 18-ஆம் நாள் டில்லியின் காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது. குறியீட்டின் அளவுகோலே 500-இல் முடிந்துவிடுகிறது! அன்று நம் விடுதிகளில் இருமாதவர் யார்? மைசூரோ கடல் மட்டத்துக்குமேல் சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயிலும் அடக்கம், குளிரும் அடக்கம்.

ஆனால் நேரம் என்று ஒன்று இருக்கிறது. அதைக் குறித்துச் சற்று நின்று பேச வேண்டும். டில்லியில் நான் பயிற்சிக்குச் செல்லும் ஆய்வகத்துக்குப் போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. மாதத்துக்கு 25 நாள் என்றால் 62 மணி நேரத்துக்குமேல் மெட்ரோவிலும் ஷேர் ஆட்டோவிலும் கழிகிறது. இதை யாரும் நட்டமாக எண்ணுவதில்லை. "போகும்போது படிக்கலாமே" என்பார்கள். ராஜீவ் சௌக்கில் காலை ஒன்பது மணிக்கு வண்டி மாறியவர் இப்படிச் சொல்லமாட்டார். மைசூரில் நான் சேரவிருக்கும் இடத்துக்கும் நான் வீடு தேடும் குவெம்பு நகருக்கும் இடையே ஸ்கூட்டரில் கால் மணி. மிச்சமாகும் நேரத்தை நான் உருப்படியாகச் செலவழிப்பேன் என்று உறுதி கூற மாட்டேன். தூங்கியே கழித்தாலும் அது என் தூக்கம்.

இனி, ஊர் பெரிது சிறிது என்பதைப் பற்றி ஒரு கருத்து. நாம் ஊரின் அளவை மக்கள் தொகையைக் கொண்டே பேசுகிறோம். அவரவர் தொழிலைக் கொண்டு அளந்தால் வேறு கணக்கு வரும். நான் உணவு வேதியியல் பயின்றவள். மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950-இல் மைசூரின் செலுவாம்பா மாளிகையில் தொடங்கப்பெற்றது. எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையை வகுத்து, அமுல் நிறுவனத்துக்கு வழங்கியது அந்நிலையம்தான். பாதுகாப்புப் படையினருக்கு வேண்டிய கெடாத உணவு வகைகளை ஆராயும் கூடம் 1961-இல் அதே ஊரில் அமைந்தது. இவ்விரண்டின் நிழலில் சிறிதும் பெரிதுமாகப் பல தொழில்கள் தோன்றின. எனக்கு இடம் தந்திருப்பது அத்தகைய ஒரு தனியார் ஆய்வகமே. இத்துறையில் ஐயம் வந்தால் தெருவைத் தாண்டிப் போய்க் கேட்டுவரத் தக்க ஊர் இந்தியாவில் அதுதான். எனக்கு மைசூர் பெருநகரம், டில்லிதான் சிற்றூர்.

மொழியியலும் கல்வெட்டும் பயிலும் நம் தமிழ்த்துறை நண்பர்க்கும் இது புதிதன்று. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் அங்கே இருக்கிறது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல பத்தாண்டுகள் மைசூரிலேயே இருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்ற வேண்டுமென்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. சோழர் கல்வெட்டைப் படிக்கத் தஞ்சைக்காரர் மைசூருக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது என்பதை எண்ணினால் வேடிக்கையாகவே இருக்கிறது.

இதுவரை எழுதியதைப் படிப்பவர், "பிறகு என்ன தயக்கம்? பெட்டியைக் கட்ட வேண்டியதுதானே!" என்பர். நான் ஒருத்தி மட்டும் என்றால் கட்டியிருப்பேன்.

என்னை மணக்கவிருப்பவர் பொறியாளர். நிலத்தடியில் மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டுவது அவர் தொழில். இப்போது டில்லியில் இருக்கிறார். மைசூரில் மெட்ரோ ரயில் இல்லை. அங்கே தோண்டுவதென்றால் குழாய்க்காகத் தெருவைத் தோண்டலாம். அதற்கு அவர் வேண்டியதில்லை. அவருக்கு மிக அருகில் வேலை கிடைக்கத் தக்க இடம் பெங்களூர். மைசூரிலிருந்து ரயில் வழியே ஏறக்குறைய 140 கிலோமீட்டர்.

நடுத்தர நகரத்தின் மெய்யான குறை இதுவே என்பது என் கருத்து. அங்கே ஒருவருக்கு நல்ல வேலை இருக்கும். ஒரு வீட்டில் இருவருக்கும், இரு வேறு துறைகளில், நல்ல வேலை இருப்பது அரிது. டோரா காஸ்டா, மேத்யூ கான் என்னும் அமெரிக்கப் பொருளியலார் இருவர் 2000-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். கல்லூரிப் படிப்புள்ள கணவன் மனைவியர் மேன்மேலும் பெருநகரங்களில் சென்று குவிவதற்கு, இருவருக்கும் ஒரே ஊரில் வேலை தேட வேண்டியிருப்பது பெருங்காரணம் என்று அவர்கள் காட்டினர். அமெரிக்காவில் கண்டது நமக்கும் பொருந்துமா என்று வாதாடலாம். என்னைச் சுற்றியுள்ள வீடுகளை மட்டும் பார்த்தால், நன்றாகவே பொருந்துகிறது.

நம் பெற்றோர் காலத்தில் இச்சிக்கல் எழவில்லை என்பார்கள். எழுந்தது, ஆனால் அதற்குப் பெயர் இல்லை. வங்கி மாற்றல், ரயில்வே மாற்றல், மின்வாரிய மாற்றல் என்று கணவர் போன ஊருக்கெல்லாம் மனைவியர் போயினர். ஆசிரியை வேலையை விட்டுவிட்டுப் போனவர் எத்தனை பேர்! என் தாயாரே அவர்களுள் ஒருவர். அதை யாரும் தியாகம் என்று சொன்னதில்லை. "கூடப் போயிட்டா" என்பதோடு சரி. இன்று என் பொருட்டு ஓர் ஆண்மகன் டில்லி வேலையை விட்டுவரக்கூடும் என்றவுடன், உறவினர் அனைவரும் அவரைப் புராணத்துப் பாத்திரமாகவே ஆக்கிவிட்டனர். அவருக்கே அது கூச்சமாக இருக்கிறது. எனக்குக் கூச்சத்தோடு சிறிது கோபமும் உண்டு. எனினும் கோபத்தால் கணக்கு மாறிவிடாது. இழப்பு இழப்புத்தான். யார் ஏற்றாலும் அதற்கு ஒரு விலை இருக்கிறது. இவ்விலையைச் சொல்லாமல், "மைசூரில் வாடகை மலிவு" என்று எழுதுவது நேர்மையாகாது.

ஒருவரே போனாலும் வேறோர் அச்சம் உண்டு. பெருநகரில் ஒரு வேலை போனால் அடுத்த தெருவில் இன்னொன்று தேடலாம். நடுத்தர நகரில் வேலையோடு ஊரையும் விட வேண்டி வரும். மைசூரின் தொழில் வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. ஜாவா மோட்டார் சைக்கிளும் பின்னர் யெஸ்டியும் செய்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-இல் உற்பத்தியைத் தொடங்கியது; 1996-இல் மூடப்பட்டது. அந்த வண்டிகளை இன்றும் மெருகேற்றி ஓட்டுவோர் உண்டு. வண்டிக்கு அன்பர்கள் கிடைத்தனர். வண்டி செய்த கைகள் அதே ஊரில் அதே திறமைக்கு வேலை தேடி எங்கே போயிருக்கும்? என் ஆய்வகம் மூன்றாண்டில் மூடப்பட்டால் என்ன செய்வது என்று நானும் எண்ணத்தான் செய்கிறேன். இத்துறைக்கு அங்கே வேறு கதவுகள் உண்டு என்பதால் இரவில் உறக்கம் வருகிறது. இந்தூருக்குப் போக எண்ணும் நண்பர் இக்கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த ஒரு நிறுவனத்தை நீக்கிவிட்டால், இந்த ஊரில் எனக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

பெண்கள் வேறொன்றையும் எண்ண வேண்டியிருக்கிறது. டில்லியில் நாம் யாருக்கும் தெரியாதவர்கள். அது தனிமை, அதுவே உரிமையும்கூட. நள்ளிரவில் தேநீர் குடிக்கப் போனால் எந்த மாமியும் கேட்கமாட்டார். மைசூரில் வீடு விசாரிக்கத் தொலைபேசியில் பேசினேன். ஒரு வீட்டுக்காரர் வாடகையைச் சொல்லுமுன் நான்கு கேள்வி கேட்டார். தனியாகவா இருப்பீர்கள்? கல்யாணம் எப்போது? அசைவம் சமைப்பீர்களா? உங்களைப் பார்க்க யார் யார் வருவார்கள்? குரலில் கடுமையில்லை, மிகுந்த பரிவோடுதான் கேட்டார். பரிவோடு கேட்கப்படும் கேள்விக்கு மறுமொழி சொல்லாதிருப்பது எவ்வளவு கடினம் என்பது நம் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன்.

"பாதுகாப்பு இருக்குமல்லவா?" என்பார்கள். இதில் எந்த ஊரும் பெருமை பேச இயலாது. 2012 டிசம்பரை டில்லி மறக்க முடியாது. 2021 ஆகஸ்டில் மைசூரில் சாமுண்டி மலையடிவாரத்தில் ஒரு மாணவிக்குக் கொடுமை நிகழ்ந்தது. அதன் பின் அங்குள்ள பல்கலைக்கழக வளாகத்தில் மாணவியர் மாலை ஆறரை மணிக்குமேல் தனியே நடமாடக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகே கைவிடப்பட்டது. குற்றம் செய்தவன் வெளியே திரிய, கதவு மட்டும் பெண்ணுக்குச் சாத்தப்படும் வழக்கம் பெருநகரிலும் உண்டு, சிறுநகரிலும் உண்டு. ஊர் சிறுத்தால் அறிவுரை சொல்வோர் எண்ணிக்கை கூடுகிறது, வேறுபாடு அவ்வளவே.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் தமிழ்ச் சங்கத்தார் அல்லவா? டில்லியில் தமிழர்க்குத் தமிழர் உண்டு. 1946-இல் தோன்றிய டில்லித் தமிழ்ச் சங்கம் உண்டு. தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் உண்டு. ராமகிருஷ்ணபுரத்து மலைக் கோயில் உண்டு. இந்தியைக் காய்கறிக்கடை அளவில் வைத்துக்கொண்டே இங்கே முப்பது ஆண்டு வாழ்ந்துவிடலாம். வாழ்ந்தவர்களை நான் அறிவேன். மைசூரில் அப்படி வாழ எனக்கு விருப்பமில்லை. கன்னடம் கற்காமல் அங்கே இருப்பது விருந்துக்குப் போய்க் கையைக் கழுவாமல் உட்காருவது போன்றது. கற்பதும் நமக்கு எளிது. 'மனெ' என்றால் மனை. 'ஹூவு' என்றால் பூ. பழந்தமிழ்ப் பகரம் அங்கே ஹகரமாகிவிட்டது என்று கண்டுகொண்டால் பாதி அகராதி கைவந்துவிடும். (மைசூரு என்று 2014-இல் பெயர் மாற்றினார்கள், தமிழில் எழுதும்போது பழக்கம் விடவில்லை.)

காவிரியைச் சொல்லாமல் விடுவது பொய்யாகும். 1991 டிசம்பரில் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டித் தென் கர்நாடகத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டனர். பலர் வீடு துறந்து எல்லை தாண்டினர். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தன. மழை பொய்த்த ஆண்டில் மைசூர்த் தமிழர் செய்தித்தாளைச் சற்று அச்சத்தோடுதான் பிரிப்பார்கள். அதே ஊரில், அதே ஆண்டில், பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாள் யுகாதிக்கு ஒப்பட்டு கொடுத்தனுப்புவதும் உண்மை. இரண்டையும் அறிந்தே போக வேண்டும்.

என் பெற்றோர் சத்தியமங்கலத்துக்கு அருகே இருக்கின்றனர். டில்லியிலிருந்து அங்கே போவதென்றால் இரண்டு நாள் ரயில், பிறகு பேருந்து. மைசூரிலிருந்து சாமராஜநகர் வழியே 130 கிலோமீட்டர் சொச்சம். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். புலிகள் காப்பகம் என்பதால் 2022 முதல் இரவில் வண்டிகளுக்குக் கட்டுப்பாடும் உண்டு. ஆகவே நடுநிசியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்றால் நான் விடியும்வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். டில்லியில் இருந்தால் விடிந்தும் காத்திருக்க வேண்டும். அப்பாவிடம் சொன்னபோது, "வெடிஞ்சு கெளம்புனா வெயிலுக்கு முன்னால ஊட்டுக்கு வந்தர்லாமே அம்மிணி" என்றார். சம்பளம் எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை.

மைசூர் எப்போதும் இப்படியே இருக்கும் என்று எண்ணியும் ஏமாறக் கூடாது. 1903-இல் நகர அபிவிருத்திக் குழு அமைத்து அகலத் தெருக்களும் புறநகர்களும் வகுத்த ஊர் அது. அந்த முன்யோசனையின் பயனை இன்றுவரை அனுபவிக்கிறார்கள். ஆனால் பெங்களூரின் கதையைப் பாருங்கள். 1951-இல் அதன் மக்கள் தொகை 8 லட்சத்தை எட்டவில்லை. இன்றைய மைசூரைவிடச் சிறிது. ஓய்வூதியர் சொர்க்கம் என்று அதைத்தான் அப்போது சொன்னார்கள்! அதே ஊர் 2024 கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்துக்கிடந்தது. 2023-இல் திறந்த விரைவுச் சாலை அந்தப் பெங்களூரை மைசூருக்கு ஒன்றரை மணி நேர அருகில் கொண்டுவந்துவிட்டது. போக எளிதான வழி வரவும் எளிது. என்னைப் போல் மூன்று லட்சம் பேர் "அமைதியான ஊர்" தேடி அங்கே போனால் அமைதி எங்கே இருக்கும்? அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி என்பதால் இதைப் பற்றி மேலும் பேச எனக்கு உரிமையில்லை.

விமானம், பெருமருத்துவம், நாடகம், நூலகம் ஆகியவற்றில் மைசூர் பின்தங்கியதா? விமானத்தில் ஐயமில்லை, மண்டகள்ளி ஓடுபாதையில் ஏடிஆர் போன்ற சிறு விமானங்களே இறங்கும். கடினமான நோய்க்குப் பெங்களூர் போக நேரலாம். நூலகத்திலும் நாடகத்திலும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டில்லியில் ஆறாண்டு இருந்தும் நான் பார்த்த நாடகங்கள் மூன்று.

ஆகவே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நான் போகிறேன். என் துறையின் தலைநகர் அது என்பது முதற்காரணம். அப்பாவின் 130 கிலோமீட்டர் இரண்டாவது. காற்றும் வாடகையும் இவற்றுக்குப் பின்னால்தான். இவ்விரண்டு காரணங்களும் இல்லாதவர்க்கு, வெறும் காற்றுக்காக மட்டும் நடுத்தர நகரம் போகுமாறு நான் சொல்லமாட்டேன். முதல் வேலைக்குப் பெருநகரமே அவர்களுக்கு ஏற்றது. தவறி விழுந்தால் தாங்குவதற்கு அங்கே இன்னொரு படி இருக்கிறது.

அவர் என்ன செய்வார்? பெங்களூரில் இரண்டு இடங்களுக்கு எழுதியிருக்கிறார். இருவருக்கும் நடுவே மண்டியாவில் குடியேறலாமே என்று ஒரு மாமா யோசனை சொன்னார். இருவரும் தினந்தோறும் அலைவதற்கு அதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை! இப்போதைக்கு நாங்கள் பேசிவைத்திருப்பது இது. முதல் இரண்டாண்டு அவர் பெங்களூரில் ஓர் அறை எடுப்பார். வெள்ளி மாலை ரயிலேறி மைசூர் வருவார். மாதத்தில் இரு வாரம் நான் அங்கே போவேன். இரண்டாண்டு முடிந்தபின் கணக்கை மறுபடி போட வேண்டும். அப்போது அவர் பக்கத்து நட்டம் மிகுதி என்று தெரிந்தால், மாற வேண்டியவள் நான். இதை அவர் கேட்கவில்லை. நானே தாளில் எழுதி இருவரும் கையொப்பம் இட்டிருக்கிறோம். இந்தத் தாளைப் பற்றி எங்கள் இரு வீட்டாருக்கும் இன்னும் தெரியாது. இவ்விதழ் சத்தியமங்கலம்வரை போகாது என்னும் துணிவில் எழுதுகிறேன்.